பதினைந்து நிமிடச் சாக்லேட்

இரவு இரண்டு பத்து. ரத்தச் சர்க்கரையைக் காட்டும் குளுக்கோமீட்டர் 58 என்று காட்டுகிறது, இறங்கிவிட்டது. மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். நெற்றி வியர்த்து முடி ஒட்டிக்கிடக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன. ஜூஸ் டப்பாவின் ஸ்ட்ராவை அவள் உதட்டில் வைத்து நானே பிடித்துக்கொள்கிறேன். 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். பிறகு 15 நிமிடம் பொறுத்து மறுபடி விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70-ஐத் தாண்டியிருந்தால் தூங்கலாம். இல்லையென்றால் இன்னொரு 15 கிராம், இன்னொரு 15 நிமிடம்.

டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளையை வளர்க்கிறவர்களுக்கு இந்தப் பதினைந்து நிமிடத்தின் நீளம் தெரியும். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் முள் நகராது. பேச்சுக் கொடுத்தால் அவளுக்கு எரிச்சல் வரும். சர்க்கரை இறங்கியிருக்கும்போது அவள் அவளாக இருக்க மாட்டாள். அதனால் கதை படிக்கிறோம். நான் படிப்பேன், அவள் என் தோளில் சாய்ந்து கேட்பாள். "என்ன படிக்கட்டும்?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"சாக்லேட்டு."

உடம்பு சர்க்கரைக்குத் தவித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒரு குழந்தை சாக்லேட் ஆறு ஓடும் கதையைக் கேட்டு அமைதியாகிறாள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால், அவளுடைய ஆறாவது வயதில் இது வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ராத்திரியில் படுக்கையை நனைத்தாள். மூன்றே வாரத்தில் சட்டையெல்லாம் தொளதொளத்துப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் செய்த முதல் வேலை சமையலறையிலிருந்து இனிப்புகளை அப்புறப்படுத்தியது. இரண்டாவது வேலை அவளுடைய புத்தக அலமாரியை அலசியது. சூனியக்காரியின் மிட்டாய் வீடு வரும் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. காகிதக் கதவைத் திறந்தால் உள்ளே அடுப்பு தெரியும். அதை எடுத்தேன். கேக் கோட்டைக்குள் இளவரசி வசிக்கிற புத்தகத்தை எடுத்தேன். மேகமெல்லாம் பஞ்சு மிட்டாயாக மிதக்கிற ஒன்றையும் எடுத்தேன். எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டேன். எட்டாக் கனியைக் காட்டிக் காட்டிப் பிள்ளையை ஏங்க வைக்கக் கூடாது என்றுதான் செய்தேன்.

ஒரு வாரம் கழித்து அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "மிட்டாய் வீடு எங்கம்மா?" என்றாள். கிழிந்துபோய்விட்டது என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, வேறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பொய் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

டைப் 1 உள்ள பிள்ளைக்கு இனிப்பு முழுக்கத் தடை கிடையாது. மாவுச்சத்தைக் கிராம் கணக்கில் எண்ணி, அதற்கேற்ற இன்சுலினைப் போட்டால் அளவாகச் சாப்பிடலாம். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு மாதக்கணக்கு ஆனது. புத்தகங்களைக் கீழே இறக்க அதைவிட அதிக காலம் ஆனது.

எட்டு வயதில் அவளே பள்ளி நூலகத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். ரோல்ட் டால் எழுதி 1964-ல் வந்த 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி'. அட்டையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. பிடுங்கவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது. அன்று சாயங்காலம் அவள் படித்துக்கொண்டிருந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவே நாலைந்து முறை நடந்திருப்பேன். ஆறாவது முறை அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வா. இவன் என்னை மாதிரியே."

சார்லிக்கு வருடத்துக்கு ஒரே ஒரு சாக்லேட்தான், பிறந்தநாளன்று. வீட்டில் அவ்வளவு வறுமை. அப்பா பற்பசைத் தொழிற்சாலையில் டியூபுக்கு மூடி திருகுகிறவர். சாப்பாடு முட்டைக்கோஸ் சூப். சார்லி அந்தச் சாக்லேட்டை ஒரு சின்ன மரப்பெட்டியில் வைத்துக்கொள்கிறான். முதல் சில நாட்கள் பார்ப்பதோடு சரி, தொடக்கூட மாட்டான். ஆசை தாங்க முடியாமல் போகும்போது ஒரு மூலையில் துளித்துளியாகக் காகிதத்தை உரித்து, நாக்கில் ருசி படர்கிற அளவுக்கு மட்டும் ஒரு கொறி. மறுநாள் இன்னொரு கொறி. இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டுகிறான்.

உலகத்துப் பிள்ளைகளெல்லாம் இந்த இடத்தைப் படிக்கும்போது ஐயோ பாவம் என்று நினைத்திருப்பார்கள். என் மகள் அப்படி நினைக்கவில்லை. அளந்து சாப்பிடுகிறவன் ஒருவன் கதைக்கு நாயகனாக இருப்பதை அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். பிறந்தநாள் விருந்துகளில் எல்லாரும் தட்டை வாங்கிக்கொண்டு ஓடும்போது, இவள் மட்டும் என் பக்கத்தில் நின்று, நான் கேக்கின் எடையைக் கண்ணால் அளந்து ஊசி போட்டு முடிக்கும் வரை காத்திருப்பாள். அப்படிக் காத்திருக்கிற பையனுக்குத்தான் இந்தக் கதையில் தொழிற்சாலையே கிடைக்கிறது.

இப்போது அவளிடமும் ஒரு பெட்டி இருக்கிறது. பழைய பென்சில் டப்பா. அதில் ஒரு சாக்லேட் பார் இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கான இன்சுலினோடு ஒரு கட்டத்துக்கான கணக்கையும் சேர்த்துக்கொள்வோம். அதை அவள் கடிக்க மாட்டாள். நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொள்வாள். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடம்பு 37 டிகிரி. அந்த மூன்று டிகிரி வித்தியாசத்தில்தான் விரலுக்குக் கெட்டியாக இருக்கிற பொருள் வாய்க்குள் போனதும் நீராகிறது. மந்திரக் கதைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சாக்லேட்டிடம் வருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கல்லாக இருந்தது கண் எதிரே ஆறாகிவிடும் என்று நம்பவைக்க வேறெந்தத் தின்பண்டத்துக்கு இந்த அளவுக்கு முடியும்?

டாலின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். ரெப்டன் என்ற விடுதிப் பள்ளியில் அவர் படித்தபோது, அவ்வப்போது கேட்பரி நிறுவனத்திடமிருந்து ஒவ்வொரு மாணவனுக்கும் சாம்பல் நிற அட்டைப்பெட்டி ஒன்று வருமாம். உள்ளே 12 சாக்லேட். பதினொன்று புதிதாகக் கண்டுபிடித்தவை; ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்த பழைய வகை, ஒப்பிட்டுப் பார்க்க. பையன்கள் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, காரணமும் எழுத வேண்டும். அந்தத் தொழிற்சாலைக்குள் ஓர் அறை இருக்கும், அங்கே பெரியவர்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு புதுச் சாக்லேட் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று சிறுவன் டால் கற்பனை செய்திருக்கிறார். பின்னால் லண்டனில் ஷெல் நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் தினமும் ஒரு சாக்லேட் சாப்பிட்டு, அதன் வெள்ளித்தாளை உருட்டி உருட்டி ஒரு பந்தாக்கி வைத்தார். அந்தக் கனத்த வெள்ளிப்பந்து கடைசிவரை அவர் எழுதும் குடிலில் இருந்தது. இதைச் சொன்னதிலிருந்து மகளும் தாளைத் தூக்கிப் போடுவதில்லை. அவளுடைய பந்து இப்போது கோலிக்குண்டு அளவு.

ஆனால் அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. அகஸ்டஸ் என்கிற பருத்த பையன் சாக்லேட் ஆற்றில் குனிந்து குடித்து, தவறி விழுந்து, உறிஞ்சுகுழாய்க்குள் மாட்டிக்கொள்கிறானே, அந்த இடம். பேராசைக்குத் தண்டனை என்று அங்கே பாட்டே பாடுகிறார்கள். அதைப் படித்த இரவு மகள் வெகுநேரம் தூங்கவில்லை. விளக்கை அணைத்த பிறகு இருட்டிலிருந்து கேட்டாள்.

"அம்மா, நானும் பேராசைப்பட்டேனா? அதனாலதான் எனக்கு சுகர் வந்துச்சா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். "நிறைய இனிப்பு குடுத்தீங்களா?" என்று அவள் காதுபடவே என்னைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். டைப் 1 இனிப்பால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறுதலாகத் தாக்கி அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். அவள் என்ன சாப்பிட்டாள், நான் என்ன கொடுத்தேன் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருட்டில் திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில், "அப்ப கதையில மட்டும் ஏன் மிட்டாய் சாப்பிட்ட பசங்களுக்கே கெட்டது நடக்குது?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மிட்டாய் வீட்டுக் கதையில் அண்ணன் ஹேன்சலும் தங்கை கிரெட்டலும் வீட்டைப் பிய்த்துத் தின்றார்கள், அண்ணன் கூண்டுக்குள் போனான். நார்னியா கதையில் எட்மண்ட் என்கிற பையன் டர்கிஷ் டிலைட் என்ற இனிப்பைத் தின்றான், உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்தான். 1968-ல் வந்த 'சிட்டி சிட்டி பேங் பேங்' படத்தில் பிள்ளை பிடிக்கிறவன் லாலிபாப்பைக் காட்டித்தான் கூப்பிடுகிறான். மூலக் கதையில் அவன் இல்லை. திரைக்கதையில் வந்து சேர்ந்தவன். அந்தத் திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவர் டால். கதைகளில் மிட்டாய்க்குப் பின்னால் எப்போதும் ஒரு தூண்டில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே பேராசைக்காரர்கள்தானா என்று பார்த்துவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அந்த வருட விடுமுறை முழுக்க இதுதான் எங்கள் வேலை.

முதலில் ஹேன்சல், கிரெட்டல். பீரோ மேலிருந்து துணிப்பையை இறக்கினேன். கிழியவில்லை என்று அவளிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட கதையில் அந்த வீடு ரொட்டியால் கட்டியது. கூரைதான் கேக். ஜன்னல் தெளிந்த சர்க்கரை. இப்போது எல்லாப் படங்களிலும் வருகிற வண்ண மிட்டாய்களும் இஞ்சி ரொட்டிச் சுவரும் பின்னால் வந்தவை. முக்கியமான விஷயம், சுவர் ரொட்டி என்பதுதான். நாட்டில் பஞ்சம், வீட்டில் கடைசித் துண்டு ரொட்டி, பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த முதல் பதிப்பில் பிள்ளைகளை விடச் சொல்கிறவள் பெற்ற தாய். பின்னால் வந்த பதிப்பில்தான் அவளைச் சிற்றன்னையாக மாற்றினார்கள். நாள் கணக்காகப் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ரொட்டிச் சுவர் கண்ணில் பட்டால் பிய்க்காமல் என்ன செய்யும்?

"இது பேராசை இல்ல, பசி" என்று மகள் தீர்ப்பு எழுதினாள். நிஜமாகவே ஒரு நோட்டில் எழுதினாள்.

சர்க்கரை ஜன்னல் என்றால் என்ன என்று பார்க்க ஒரு மதியம் அடுப்பைப் பற்றவைத்தோம். சர்க்கரையும் தண்ணீரும், படிகம் கட்டாமல் இருக்க எலுமிச்சைச் சாறு சில சொட்டு. முதலில் பெரிய பெரிய குமிழி, தளதளவென்று சத்தம். தண்ணீர் சுண்டச் சுண்டக் குமிழி சின்னதாகி, சத்தம் அடங்கி, பாகு கனத்துக்கொண்டே வரும். 150 டிகிரி வரை போக வேண்டும். எங்களிடம் அதற்கான வெப்பமானி இல்லை, அதனால் கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். இரண்டு முறை களிமண் மாதிரி வளைந்தது. மூன்றாவது முறை டக்கென்று உடைந்தது. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட்டு, மெல்ல நெம்பி எடுத்தேன். மகள் அதை இரண்டு கையாலும் பிடித்து, வெயில் வரும் பக்கமாகத் தூக்கிப் பார்த்தாள். லேசான பொன்னிறத்தில் அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது. நடுவே ஒரே ஒரு காற்றுக் குமிழி. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்காமல் அப்படியே உறைந்துபோவதால் அறிவியல் கணக்கிலும் அது கண்ணாடிதான். படங்களில் கதாநாயகன் ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்வதற்கும் அந்தக் காலத்தில் இதே சர்க்கரைக் கண்ணாடியைத்தான் பயன்படுத்தினார்கள்.

அவள் அதைத் தின்னக் கேட்கவே இல்லை. சாயங்காலம் வரை அதன் வழியாக வீட்டைப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். மறுநாள் காலையில் ஈரக் காற்றில் கண்ணாடி வியர்த்து, ஓரம் தொய்ந்து, தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "காட்டுல மழை பெய்யுமே, அந்தப் பாட்டி தினமும் ஜன்னல் ஊத்துவாளா?" என்று கேட்டாள். இருநூறு வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் யாராவது இதைக் கேட்டிருப்பார்களோ என்னவோ, எனக்கு அது பெரிய கேள்வியாகப் பட்டது. தின்னக்கூடிய வீட்டைக் கட்டி வைப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும்!

அடுத்தது எட்மண்ட். சி. எஸ். லூயிஸின் 'த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்' 1950-ல் வந்தது. வெள்ளைச் சூனியக்காரி பனியில் ஒரு சொட்டு விடுகிறாள், பச்சைப் பட்டு நாடா கட்டிய வட்டப் பெட்டி வந்து நிற்கிறது. உள்ளே பல பவுண்டு எடையுள்ள டர்கிஷ் டிலைட். எட்மண்ட் அத்தனையும் தின்கிறான். மகள் இங்கே படிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்தாள். இரண்டு பவுண்டு என்றே வைத்துக்கொள்வோம், 900 கிராம். அதில் நூற்றுக்கு 80 மாவுச்சத்து என்றால் 720 கிராம். அவளுக்கு 12 கிராமுக்கு ஒரு யூனிட் இன்சுலின். வகுத்தாள். 60 யூனிட். நோட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு, "பாவம்மா இவன். இவனுக்கு யாரும் எண்ணிக் குடுக்கல" என்றாள்.

எட்மண்டின் மேல் எனக்கிருந்த கோபம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. பிறகு தேடிப் பார்த்தபோது இன்னும் தெளிவானது. இங்கிலாந்தில் 1942 ஜூலையிலிருந்து மிட்டாயும் சாக்லேட்டும் ரேஷனில்தான் கிடைத்தன. போர்க்காலத்தில் பெரும்பாலும் நான்கு வாரத்துக்கு ஓர் ஆளுக்கு 12 அவுன்ஸ், ஏறத்தாழ 340 கிராம். போர் முடிந்து 1949 ஏப்ரலில் கட்டுப்பாட்டை எடுத்துப் பார்த்தார்கள். கடைகள் காலியாகி, நாலே மாதத்தில் மறுபடி ரேஷன் வந்தது. அது கடைசியாக நீங்கியது 1953 பிப்ரவரி 5-ஆம் தேதி. ஆக, அந்தக் கதையை முதன்முதலாகப் படித்த பிள்ளைகள் கையில் மிட்டாய்க் கூப்பனை வைத்துக்கொண்டு படித்தவர்கள். வட்டப்பெட்டி நிறைய, எண்ணிக்கை இல்லாமல், ஒருவனுக்கே! அவர்களுக்கு அந்தச் சூனியக்காரியின் பலம் எங்கே இருக்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டாம்.

மகளின் நோட்டில் எட்மண்டுக்கும் "பசி" என்றே தீர்ப்பு. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "வேற மாதிரி பசி" என்று இருந்தது.

இப்படிப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புரிந்தது. மிட்டாய் உலகத்தைக் கற்பனை செய்தவர்கள் வயிறு நிறைந்த பிள்ளைகளுக்காக அதைச் செய்யவில்லை. 'கேண்டி லேண்ட்' என்ற பலகை விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எலினார் அபட் என்ற ஆசிரியை போலியோ வந்து சான் டியாகோவில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். அதே வார்டில் நிறையக் குழந்தைகள், எழுந்து நடக்க முடியாமல். அவர்களுக்காக அவர் உருவாக்கியது அது. எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டாம். சீட்டில் வந்த நிறத்தைப் பார்த்து அந்த நிறக் கட்டத்துக்கு நகர்ந்தால் போதும். 1949-ல் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்டது. நடக்க முடியாத பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய்ப் பாதை. இதைப் படித்த அன்று நான் சமையலறையில் தனியாக அழுதேன்.

இன்சுலின் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில், டொரான்டோவில், 14 வயதுப் பையன் ஒருவனுக்கு. அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் சில மாதங்களாவது உயிரோடு வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் படுக்கையில் கிடந்துகொண்டு என்ன கதை கேட்டிருப்பார்கள் என்று இப்போதெல்லாம் அடிக்கடி யோசிக்கிறேன்.

படங்களுக்கு வருகிறேன். சாக்லேட் தொழிற்சாலைக் கதையை 1971-ல் மெல் ஸ்டூவர்ட் படமாக எடுத்தார். அவருடைய மகள் புத்தகத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டதால் எடுத்த படம். குழந்தைகள் முதன்முதலாகச் சாக்லேட் அறைக்குள் நுழையும் காட்சியில் அவர்கள் முகத்தில் தெரிகிற வியப்பு நடிப்பு இல்லை. கேமரா ஓடும்வரை அந்த அரங்கை அவர்களுக்குக் காட்டவே இல்லை. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி நிறுத்தி நான்கு முறை பார்த்தோம். அடுத்து தொழிற்சாலை முதலாளி வில்லி வோன்காவாக நடித்த ஜீன் வைல்டர் ஒரு மஞ்சள் பூக்கிண்ணத்தில் தேநீரைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தையே கடித்துத் தின்பார். அந்தக் கிண்ணம் மெழுகு. மென்றுவிட்டு, காட்சி முடிந்ததும் துப்பியிருக்கிறார். சாக்லேட் ஆறோ பழுப்புத் தண்ணீர்தான், நாளாக ஆகக் கெட்டுப்போய் நாறியிருக்கிறது.

இதைச் சொன்னால் மகளுக்கு ஏமாற்றமாக இருக்குமோ என்று தயங்கித்தான் சொன்னேன். அவள் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அதையெல்லாம் யாருமே சாப்பிடலயா?"

"யாருமே சாப்பிடல."

"அந்த மாமாவும்?"

"துப்பிட்டாராம்."

அவள் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. கதையில் வரும் மிட்டாயை யாராலும் தின்ன முடியாது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் எட்டாது, பட்டினி கிடக்கிறவனுக்கும் எட்டாது, கணையம் நன்றாக வேலை செய்கிறவளுக்கும் எட்டாது. பக்கத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசை. பிறந்தநாள் விருந்தில் தனியாக நின்று காத்திருக்கிறவள், இந்த ஒரு விருந்தில் மட்டும் யாரைவிடவும் பின்னால் இல்லை. நான் ஏங்கவைக்கும் என்று பயந்து பீரோ மேலே ஏற்றிவைத்தது, அவள் எல்லாரோடும் சமமாக உட்காரக்கூடிய ஒரே பந்தியை.

தொழிற்சாலைக் கதையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்கிற உம்பா லும்பாக்களுக்குக் கோகோ விதைதான் சம்பளம். "காசு குடுக்க மாட்டாங்களா?" என்று அவள் கேட்டபோது, இதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். 1964 பதிப்பில் அவர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினக் குள்ளர்களாக இருந்தார்கள். கண்டனம் எழுந்து 1970-களில் டால் அதை மாற்றி எழுதினார். உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் இன்றைக்கும் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. அந்தக் கோகோ விளையும் பகுதிகளில் ஏறத்தாழ 15.6 லட்சம் பிள்ளைகள் குழந்தைத் தொழிலாளர்களாக இருக்கிறார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு மையம் 2020-ல் அறிக்கை தந்தது. காயை வெட்டும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சாக்லேட்டின் ருசி தெரியும்? மகள் தன் பென்சில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அன்றைக்கு அவள் கட்டத்தைச் சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

ஹாரி பாட்டரின் மூன்றாவது புத்தகம் 1999-ல் வந்தது. அதில் மனிதரின் சந்தோஷத்தையே உறிஞ்சிவிடுகிற டிமென்டர் என்ற பூதம் ரயிலுக்குள் நுழைந்து ஹாரி மயங்கி விழுந்ததும், லூப்பின் என்கிற ஆசிரியர் பெரிய சாக்லேட் பாளத்தை டொப்பென்று உடைத்துத் துண்டு துண்டாகக் கொடுக்கிறார். ஹாரி அதைக் கடித்ததும் கை கால் விரல் நுனிவரை வெதுவெதுப்புப் பரவுகிறது. தண்டனையும் தூண்டிலும் இல்லாமல், சாக்லேட் மருந்தாக மட்டுமே வருகிற இடம் அது. குளிர்ந்து, நடுங்கி, உலகமே இருண்டுபோன மாதிரி ஆகி, பிறகு இனிப்பு உள்ளே போனதும் விரல் நுனியிலிருந்து உயிர் திரும்புவது. மகளுக்கு இதைக் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒருமுறையாவது அவள் உடம்பிலேயே நடக்கிறது.

"கரெக்டா எழுதியிருக்காங்கம்மா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா லோ ஆகும்போது சாக்லேட் குடுக்கக் கூடாதுல்ல? கொழுப்பு இருக்கு, மெதுவாத்தான் ஏறும். லூப்பின் சார்கிட்ட ஜூஸ் வச்சுக்கச் சொல்லணும்."

டாக்டர் எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ரத்தத்தில் கலக்கத் தாமதமாகும். நடுங்கும் நேரத்தில் ஜூஸோ குளுக்கோஸ் மாத்திரையோதான். எனக்கே அந்த வரியைப் படிக்கும்போது இது தோன்றவில்லை.

தீர்ப்பு எழுதிய அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து அவள் இப்போது மிட்டாய்கள் கண்டுபிடிக்கிறாள். ஒன்றைத் தின்றால் ஊசி வலிக்காது. ஒன்று, எவ்வளவு தின்றாலும் சரியாக 15 கிராம்தான் இருக்கும். இன்னொன்று மருத்துவமனைக் கட்டில்களுக்கு அடியில் முளைக்கும், ராத்திரியில் மட்டும். படத்தில் கட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை தலையைக் கீழே தொங்கப்போட்டு எட்டிப் பார்க்கிறது.

இரண்டு இருபத்தைந்து. விரலில் குத்தினேன். 96. நெற்றியில் வியர்வை காய்ந்திருக்கிறது, கை நின்றிருக்கிறது. "தூங்கலாம் கண்ணு" என்று புத்தகத்தை மூடப் போனேன்.

"அம்மா, அகஸ்டஸ் இன்னும் குழாய்க்குள்ளயே இருக்கான். அவனை வெளியே எடுத்துட்டுத் தூங்கறேன்."

அவன் வெளியே வருவது கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில். நடுவில் இருக்கிற பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு அங்கே போய்ப் படிக்க ஆரம்பித்தேன்.